மேலிருந்து வாசித்தவர்

ஒரு மனிதரின் வலது கை உடைக்கப்பட்டதற்கு நான் காரணம். அறியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அடி விழப்போகிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டு, நாற்பது ஐம்பது பேருக்கு முன்னால், நிதானமாக ஒரு வசனம் சொன்னேன். "இது இவன்ர கைவேலைதான், எனக்குத் தெரியும்" என்றேன். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்து முடிப்பதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது.

முப்பத்தைந்து வருடம் கணிதம் படிப்பித்து, உப அதிபராக ஓய்வுபெற்றவன் நான். ஊரில் எனக்குப் பெயர் "சேர்". எல்லைச் சண்டை, வாய்க்கால் சண்டை, காதல் விவகாரம் எதுவானாலும் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைப்பார்கள். எல்லோரும் கத்தி முடிந்ததும் "சேர் என்ன சொல்லுறார்?" என்று ஒருவர் கேட்பார். நான் சொல்வதோடு கதை முடியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்த குடும்பங்களின் வழக்கம் அது. அதில் பிழை இருக்கலாம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்த நாட்களில், கை உடைந்த அந்த மனிதரை நான் "நீ" என்றும் "அவன்" என்றும்தான் சொன்னேன். இப்போது "அவர்" என்று எழுதுகிறேன். இதனால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

முரசுமோட்டைச் சந்தியில், பசளை உரக் கடைக்கும் சலூனுக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறைக் கடை அவருடையது. உள்ளே நான்கு கணினிகள். பழுதான கணினிகளைத் திருத்துவார். ஆனால் தூர இடங்களிலிருந்தும் ஆட்கள் அவரைத் தேடி வந்தது வேறொரு வேலைக்கு. கணினி விளையாட்டுகளைத் தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ள இணையத்தில் சிறு சிறு கோப்புகள் கிடைக்கும். அவற்றை "மொட்" என்பார்கள். ஒரு மொட்டைப் போட்டால் எங்கோ ஒரு வெள்ளைக்கார நகரத்தின் தெருவில் எங்கள் ஊர் உழவு இயந்திரம் ஓடும். இன்னொன்றைப் போட்டால் பொலிஸ்காரன் இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு நிற்பான். பத்து மொட்டுகளை ஒன்றாகப் போட்டால் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு விளையாட்டே நின்றுபோகும். அந்தச் சிக்கலை அவிழ்ப்பதில் அவரை வெல்ல எங்கள் பக்கத்தில் ஆள் இருக்கவில்லை.

அவருடைய முறை ஒன்றே ஒன்று. விளையாட்டு ஓடும்போது தான் செய்வதையெல்லாம் ஒரு கோப்பில் வரி வரியாக எழுதிக்கொண்டு போகும்: எந்தக் கணினி, எங்கேயிருந்து எதை எடுத்தது, எது கிடைக்கவில்லை. அந்தக் கோப்பை "லொக்" என்பார். விளையாட்டு நின்ற இடம் கடைசி வரி என்பதால் எல்லோரும் கடைசி வரியைத்தான் பார்ப்பார்கள். அவர் முதல் வரிக்குப் போவார். வலது சுட்டுவிரலைத் திரையில் வைத்து, உதடு அசைய, ஒரு வரிகூட விடாமல் இறங்குவார். ஆயிரம் வரி என்றாலும் அப்படித்தான். "முதல் பிழையைப் பிடிச்சாச் சரி. கீழ கிடக்கிறதெல்லாம் அதின்ர பிள்ளையள்" என்பார். சில வேளை கணினி தற்செயலாகத் தானே சரியாகிவிடும். அப்போதுதான் அவருக்குக் கோபம் வரும். ஏன் பிழைத்தது என்று தெரியாமல் கணினியைத் திருப்பிக் கொடுக்கமாட்டார். அதனால் வாடிக்கையாளர்களோடு எத்தனையோ சண்டை.

ஒரு மத்தியானம் டிப்பர் சாரதி ஒருவர் குடித்துவிட்டு வந்து அவருடைய கழுத்தில் கத்தியை வைத்தார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

"என்ர டிப்பர் எங்கையடா?" என்றார் சாரதி. விளையாட்டில் அவர் ஓட்டிவந்த டிப்பர் காணாமல் போயிருந்தது.

"அண்ணை, கடைசியா என்ன மொட் போட்டனீங்கள்?"

"ஒண்டும் போடேல்லை."

"ஒண்டும் போடாட்டி ஒண்டும் உடையாது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

கத்தி அழுந்தி, கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. அவர் அசையவில்லை.

"ஹோர்ன் ஒண்டு போட்டனான்" என்றார் சாரதி, கொஞ்சம் வெட்கத்தோடு.

"என்ன ஹோர்ன்?"

"கோயில் மணி மாதிரி."

"எங்கயிருந்து எடுத்தனீங்கள்?"

"மச்சான் தந்தவன்."

"சரி. கத்தியை அங்கால எடுங்கோ, திரை மறைக்குது."

சாரதி கத்தியை எடுத்தார். கடைக்காரர் தன் கழுத்தில் கைலேஞ்சியை ஒற்றிக்கொண்டு லொக்கைத் திறந்து, முதல் வரியிலிருந்து வாசித்தார். மணி ஓசைக் கோப்பின் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்திருந்தார்கள். விளையாட்டுக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. அதில் தடுக்கி, அதற்குப் பிறகு வந்த டிப்பரையும் எடுக்காமல் விட்டிருந்தது. பெயரை மாற்றியதும் டிப்பர் வந்தது, மணியும் அடித்தது. சாரதி மேசையில் தலையை வைத்து அழுதார். அன்றிலிருந்து சாரதி அந்தக் கடைக்குக் காவல் நாய் மாதிரி.

கடைக்காரரின் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர். கலவரத்தில் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளைக் கொளுத்தியபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, எங்கள் வாய்க்காலின் கடைசி முனையில் காடு வெட்டிக் குடியேறிய பத்துப் பன்னிரண்டு குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. நாங்கள் அவர்களை வயல் வேலைக்குக் கூப்பிடுவோம். குசினி அடுப்படிக்குள் விடமாட்டோம். கடையில் அவர் எங்களைப் போலத்தான் கதைப்பார். என்னோடு விவாதம் சூடேறினால் மட்டும் தகப்பனின் பேச்சு வெளியே வரும்.

விவாதம் என்று சொன்னது கணினிக்கு நிரல் எழுதும் மொழிகளைப் பற்றி. நான் படித்த காலத்தில் கற்றது பஸ்கால். அதில் எந்தப் பெட்டிக்குள் எதைப் போடப்போகிறோம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடவேண்டும். எண் என்றால் எண், எழுத்து என்றால் எழுத்து. பிறகு மாற்ற முடியாது. அவர் மொட் எழுதுவது லுவா மொழியில். அதில் பெட்டிக்கு முன்கூட்டியே வகை கிடையாது. என்ன போடுகிறோமோ அதுதான் வகை. தினமும் வாசிகசாலையில் பேப்பர் பார்த்துவிட்டு, பத்து மணிக்கு அவருடைய கடைக்குப் போய்ச் சண்டை தொடங்குவேன்.

"இன்னார் எண்டு சொல்லாமல் வாறவனை வீட்டுக்குள்ள விடுவியா? அதுதான் உன்ர மொழி" என்றேன் ஒருநாள்.

"இன்னார்னு சொல்லிட்டு வர்றவன் களவெடுக்க மாட்டானா சேர்?"

"ஒழுங்கு எண்டு ஒண்டு வேணும்."

"டின்னுக்கு மேல சீனின்னு எழுதியிருந்தா உள்ள சீனியா? திறந்து நக்கிப் பார்த்தாத்தான் சேர் தெரியும்."

"நக்கிப் பாக்கிறது உங்கட ஆக்களின்ர பழக்கம்" என்றேன்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. "பசிச்சா எல்லா ஆக்களும் நக்குவாங்க சேர்" என்று சொல்லிவிட்டுத் திரைக்குத் திரும்பினார். மறுநாள் பத்து மணிக்கு நான் வெட்கமில்லாமல் திரும்பவும் போனேன். அந்த ஊரில் அவரைப்போல என்னோடு கதைக்க வேறு யாரும் இருக்கவில்லை.

கடைச் சுவரில் ஒரு கடதாசி மட்டை தொங்கியது. "மனிதர் முகம் போடப்படமாட்டாது" என்று அவர் கையால் எழுதியது. அதன் காரணம் எனக்குத் தெரியும். கொக்கிளாயிலிருந்து ஒரு மீனவர் வருவார். அவருடைய தம்பி கடலுக்குப் போய் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. தம்பியின் முகத்தை விளையாட்டுக்குள் போட்டுத் தரச் சொல்லிக் கெஞ்சினார். கடைக்காரரும் போட்டுக் கொடுத்தார். விளையாட்டு நகரத்தில் ஒரு தேநீர்க் கடை வாசலில் அந்தத் தம்பி வெள்ளைச் சேட்டோடு குந்தியிருந்தான். சனிக்கிழமைகளில் மீனவர் இரண்டு பஸ் மாறி வந்து, அந்தக் கணினிக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்துவிட்டுப் போவார். ஒரு சனிக்கிழமை அவர் வரும் நேரம் அதே கணினியில் வேறொருவன் விளையாடிக்கொண்டிருந்தான். விளையாட்டுத் தெருவில் போனபோது பகிடிக்குத் தடியை எடுத்து, தேநீர்க் கடை வாசலில் இருந்தவனை அடிக்கத் தொடங்கினான். வாசலில் நின்று பார்த்த மீனவர் சோடாப் போத்தலை மேசையில் உடைத்து விளையாடியவனின் காதை வெட்டினார். காதின் கீழ்ப் பாதி விசைப்பலகையில் விழுந்தது.

எல்லோரும் மீனவரைத் திட்டினார்கள். அவர் மட்டும் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்: "பிழை என்ர சேர். செத்த ஆளை, திரும்பச் சாகக்கூடிய இடத்தில கொண்டுபோய் வைச்சது நான்." அன்றுதான் அந்த மட்டையை எழுதினார். அதற்குப் பிறகு யார் கேட்டும் அவர் மனித முகம் போட்டதில்லை. இது எனக்குத் தெரிந்திருந்தும்தான் மண்டபத்தில் அந்த வசனத்தைச் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்பதற்கு ஒரு வெட்கங்கெட்ட காரணம் உண்டு. விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்காக நான் பஸ்காலில் ஒரு நிரல் எழுதியிருந்தேன். வாய்க்கால் தண்ணீரை எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது என்று கணக்கிடும் நிரல். இரண்டு போகம் அதன்படிதான் தண்ணீர் திறந்தார்கள். கடைசி முனையில் இருந்த மலையகக் குடும்பங்களின் பயிர் இரண்டு போகமும் கருகியது. அவர்கள் சோம்பேறிகள் என்றோம். அடுத்த கூட்டத்துக்கு அவர் வந்தார். என் நிரலை அச்சடித்து, மேலிருந்து வாசித்திருந்தார்.

"சேர் நிமிசங்களைக் கூட்டுற பெட்டி சின்னது" என்றார் கூட்டத்தில். "முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு மேல அது கொள்ளாது. அதுக்கு மேல போனா பூச்சியத்துக்குக் கீழ, சய எண்ணாகிடும். நாங்க கடைசியில இருக்கிறதால எங்கட முறை வரேக்க கணக்கு நிரம்பி வழிஞ்சிடுது. எங்கட வயலுக்கு சேர் குடுத்த தண்ணி, சயம் பதினொரு மணித்தியாலம்."

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "அப்ப எங்கட வயலில இருந்து சேர் தண்ணி இறைச்சுக்கொண்டு போயிருக்கிறார்" என்றார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. நான் வகை சொல்லிக் கட்டிய பெட்டி, ஒழுங்கு ஒழுங்கு என்று பீற்றிய என் மொழி. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த குவளையைச் சுவரில் எறிந்து உடைத்தேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு காணொளி வந்தது.

அதில் இருந்தது என் தங்கையின் மகள். பாலர் பாடசாலை ஆசிரியை, இருபத்துமூன்று வயது. ஒரு கலியாண வீட்டுப் படத்திலிருந்து அவளுடைய முகத்தையும் சேலையையும் வெட்டி, விளையாட்டுத் தெருவில் நடந்துபோகும் ஒரு பெண்ணுக்குப் போட்டிருந்தார்கள். விளையாடுகிறவன் அவளைக் காரால் இடித்தான், பின்னால் எடுத்துத் திரும்ப ஏற்றினான், இறங்கி இரும்புக் கம்பியால் அடித்தான். பின்னால் ஆண்கள் சிரிக்கும் சத்தம். மூன்று நிமிடம். இரண்டு நாளில் அது பரந்தன் முதல் முல்லைத்தீவு வரை எல்லாப் போனிலும் ஓடியது. மூன்றாம் நாள் அவள் சாகப் போனாள். தாய் கண்டதால் பிழைத்தாள்.

ஒரு பெடியனின் மடிக்கணினியில் அந்த மொட் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மாலை நான்கு மணிக்கு மண்டபத்தில் கூடினார்கள். விளையாட்டுக் கழகச் செயலாளர்தான் முன்னுக்கு நின்றார். என் மருமகளான அந்தப் பிள்ளையைப் பெண் கேட்டு முன்பு அவர் வீட்டார் வந்திருந்தார்கள், அவள் மறுத்திருந்தாள். அதை மனதில் வைக்காமல் அவளுக்காக நிற்கிறானே என்று என் மச்சான், அதாவது தங்கையின் கணவர், கண்கலங்கினார். கடைக்காரரை அவருடைய கடையிலிருந்து இழுத்து வந்தார்கள். சேட்டு கிழிந்திருந்தது. மடிக்கணினியை என் மடியில் வைத்தார்கள்.

திறந்தேன். ஆளின் தோற்றத்தை மாற்றும் சிறிய நிரல் அவருடையது. சந்தேகமில்லை. வரிகளுக்கு நடுவே அவர் விடும் இடைவெளி எனக்குத் தெரியும்.

"நிரல் என்னோடதுதான் சேர்" என்றார். "உடுப்பு மாத்துறதுக்கு எழுதினது. ஊருக்கெல்லாம் சும்மா குடுத்தன். உங்ககிட்டயும் இருக்கு. படத்தை யார் போட்டதுங்கிறதுதான் கேள்வி. லொக்கைத் திறங்க. மேலயிருந்து வாசிங்க. பத்து நிமிசம் ஆகும்."

"இவன் கம்பியூட்டர் கதை கதைச்சுத் தப்பப் பாக்கிறான்" என்றார் செயலாளர். "சேர் என்ன சொல்லுறார்?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. நான் வாசிப்பேன் என்று அவர் நம்பினார். ஒரு பெண்பிள்ளை சாகக் கிடந்த கோபம் எனக்கு இருந்தது உண்மை. ஆனால் கணினியை மூடிய கணத்தில் என் காதில் கேட்டது அந்தச் சிரிப்பு, சயம் பதினொரு மணித்தியாலச் சிரிப்பு. மூடிவிட்டு அந்த வசனத்தைச் சொன்னேன்.

பசளைச் சாக்கு ஒன்றைத் தலையில் கவிழ்த்தார்கள். கிரிக்கெட் விக்கெட்டுகளாலும் கதிரைக் காலாலும் அடித்தார்கள். விழுந்த பிறகு உதைத்தார்கள். செயலாளர் மண்வெட்டிப் பிடியோடு வந்து, "இந்தக் கையாலதானே செய்தனீ" என்று வலது கையை இழுத்துச் சீமெந்துப் படியில் வைத்தார். கை அசையாமல் இருக்க என் மச்சான் மணிக்கட்டில் ஏறி நின்றார். நான் ஐந்து அடி எண்ணினேன். இரண்டாவது அடியோடு எலும்பு உடைந்த சத்தம் நின்றுவிட்டது. பிறகு கேட்டது ஈரத் துணியை அடிக்கிற சத்தம். சாக்குக்குள்ளிருந்து அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். "வாசிங்க" என்றுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். கடைக் கணினிகளை வாய்க்காலில் எறிந்தார்கள். டிப்பர் சாரதிதான் செய்தி கேட்டு ஓடிவந்து அவரைத் தூக்கிப்போனார். என்னைத் தாண்டும்போது காறித் துப்பினார்.

அவர் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கிடந்தார். மூன்று விரல்களை எடுத்தார்கள். பிறகு ஊருக்கு வரவில்லை.

அந்த மொட் முழுவதையும் நான் அன்றே பிரதி எடுத்து வைத்திருந்தேன். மூன்று நாள் கழித்து லொக்கைத் திறந்தேன். கடைசி வரியிலிருந்து மேலே போனேன். முதலில் அந்தப் பெடியனின் மடிக்கணினி. அதற்கு மேலே செயலாளரின் கணினி, அவருடைய பெயரோடு. அதோடு கோப்பை மூடினேன். ஏழு மாதம் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால், சேர் பிழை விட்டார் என்று ஊர் சொல்லும். அந்த ஒன்றுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஏழாம் மாதம் தங்கை சந்தோஷமாக வந்தாள். "அண்ணை, அந்தச் செயலாளர்ப் பெடியன் திரும்பக் கேட்டு வந்திருக்கு. பிள்ளையும் ஓமெண்டிட்டாள். எங்களுக்காகச் சண்டைக்கு நிண்ட பெடியன்."

இதற்கு மேல் மௌனமாக இருக்க முடியவில்லை. மண்டபத்தில் கூட்டம் கேட்டேன். நான் சொன்னது பொய் என்று சொன்னேன். லொக்கை வாசிக்காமல் சொன்னேன் என்றேன். பிறகு, இதுதான் பரிகாரம் என்று நினைத்துக்கொண்டு, "செய்தது இவன்" என்று செயலாளரைக் காட்டினேன்.

அதே ஆட்கள், அதே வேகம். அவரை மண்டபத்துக்கு வெளியே இழுத்துப்போய் இடது காலை முழங்காலுக்குக் கீழே முறித்தார்கள். மோட்டார் சைக்கிளைக் கொளுத்தினார்கள். அவருடைய தாய் மகனின் மேல் விழுந்து படுத்தார். தாயின் முதுகிலும் இரண்டு அடி விழுந்தது. "நிப்பாட்டுங்கோ" என்று நான் கத்தினேன். முதல் அடிக்கு முன்னால் கத்தவில்லை என்பதையும் எழுதவேண்டும்.

மறுநாள் டிப்பர் சாரதியின் வீட்டு வாசலில் போய் நின்றேன். நெடுநேரம் கழித்துத்தான் கடைக்காரர் இருந்த இடத்தைச் சொன்னார். புளியங்குளத்தில், தன் அக்காவின் கணவர் வைத்திருந்த வாகன ரயர் ஒட்டும் கடையில் அவர் இருந்தார். ஒரு ரியூப்பைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இடது கையால் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையில் பெருவிரலும் சின்னவிரலும் மட்டும் இருந்தன.

எல்லாவற்றையும் சொன்னேன். செயலாளரின் பெயர் லொக்கில் இருந்ததையும், ஊருக்கு முன்னால் அதைச் சொன்னதையும், கால் முறிந்ததையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சின்னத் திருப்தியாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

"லொக் கொண்டு வந்தீங்களா?" என்றார்.

மடிக்கணினியைக் கொடுத்தேன். இடது கையால் முதல் வரிக்குப் போனார். இடது சுட்டுவிரல் திரையில் இறங்கியது. பத்து நிமிடம். ஒரு இடத்தில் நின்று, திரும்ப மேலே போய், திரும்ப இறங்கினார்.

"இந்த ஃபோல்டரை அப்படியே ஒரு மெஷினிலயிருந்து இன்னொரு மெஷினுக்குக் கொப்பி பண்ணியிருக்காங்க சேர். லொக்கும் சேர்ந்து போயிருக்கு. செயலாளர்ர கணினி ரெண்டாவது. முதல் மெஷின் வேற. படத்தை அங்கதான் போட்டிருக்கு." திரையை என் பக்கம் திருப்பினார். "இது யாரோட மெஷின்?"

பார்த்தேன். அந்தக் கணினிக்குப் பெயர் வைத்தவன் நான். "வாசிகசாலைக் கணினி."

"பாஸ்வேர்ட் இருக்கா?"

"இல்லை." வாசிகசாலைத் தலைவர் நான்தான். பொதுச் சொத்துக்குப் பூட்டு எதற்கு என்று மறுத்தவனும் நான்தான்.

"யார் யார் பாவிக்கிறது?"

"எல்லாரும்."

அவர் ரியூப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து ஆணியில் கொழுவினார். "அப்ப யார் செய்ததுன்னு தெரியாது. அவன் கொப்பி பண்ணியிருக்கான். பார்த்துச் சிரிச்சிருப்பான். செய்தவன்னு இதில இல்ல. ரெண்டாந்தரமும் வாசிக்காம ஆளைக் காட்டியிருக்கீங்க."

நான் அழுதேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

"உனக்கு நான் என்ன செய்யவேணும்?" என்று கேட்டேன்.

"நீங்க கண்ணால கண்டது என்ன?"

"உன்னை அடிச்ச ஆக்களை."

"அதை எழுதுங்க. அவனை அடிச்சதையும் எழுதுங்க. காணாததை எழுதாதீங்க."

எழுதினேன். அவரை அடித்த ஏழு பேரின் பெயரும் இருந்தது. கால் முறிந்து கிடந்த செயலாளரின் பெயரும், என் மச்சானின் பெயரும் அதில் உண்டு. செயலாளரை அடித்தவர்களையும் எழுதினேன். பொலிஸில் கொடுத்த அன்று மாலையே வீட்டு யன்னல்கள் உடைந்தன. அடுத்த கிழமை வாய்க்கால் வரம்பில் என்னை மறித்து, முன்பற்கள் மூன்றை உடைத்தார்கள். அடித்தவன் என்னிடம் கணிதம் படித்தவன். தங்கை தன் வீட்டுப் படலையைப் பூட்டிவிட்டாள். மருமகள் ஒருதரம் மட்டும் வேலிக்கு அப்பால் நின்று கதைத்தாள். "ஏழு மாசம் தெரிஞ்சுகொண்டு இருந்தனீங்கள் மாமா. நான் ஓமெண்டு சொன்ன நாளும் தெரிஞ்சுகொண்டு இருந்தனீங்கள்." கலியாணம் நின்றது. அவள் வவுனியாவில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வழக்குக்குக் கடைக்காரரைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். ஏழு பேரும் குற்றவாளிக் கூண்டில் ஒரு வரிசையில் நின்றார்கள். அடியைத் தூண்டியவன் என்று நான் எட்டாவது. அடித்தவர்களைக் காட்டும்படி கேட்டார்கள். அவர் ஒவ்வொரு முகமாக, ஒருவரையும் விடாமல் பார்த்தார்.

"அடி விழேக்க தலையில சாக்கு" என்றார். "நான் ஒருத்தரையும் காணேல்ல."

"குரல் கேட்டிருக்குமே?" என்று கேட்டார் நீதவான்.

"கேட்டது ஐயா. குரலை வைச்சுப் பெயர் சொல்ல மாட்டன்."

ஏழு பேரின் சட்டத்தரணி சிரித்துக்கொண்டே எழும்பினார். "அப்போ இங்கே நிற்கிற ஒருவரையும் உங்களால் அடையாளம் காட்ட முடியாது. அப்படித்தானே?"

"ஓராளைக் காட்டலாம்" என்றார் அவர். இடது கை என் பக்கம் நீண்டது. "சாக்குப் போடுறதுக்கு முந்தி இவரைக் கண்டன். வாசிக்கச் சொல்லிக் கேட்டன். கணினி இவர்ர மடியில திறந்து இருந்தது. வாசிக்காம மூடினவர்."

நீதவான் என்னைப் பார்த்து, அது சரியா என்று கேட்டார்.

"சரி ஐயா" என்றேன்.